உருகுவே சட்டையில் ஏன் நான்கு நட்சத்திரம்? கால்பந்து உலகக் கோப்பைச் சின்னங்கள், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

2022 உலகக் கோப்பையில் உருகுவே ஆட்டம் ஒன்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள், "சித்தப்பா, இவங்க எத்தனை தடவை கப் ஜெயிச்சிருக்காங்க?" என்று கேட்டாள். ரெண்டு தடவை, 1930, 1950 என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்புறம் ஏன் சட்டையில நாலு ஸ்டார் இருக்கு?" என்றாள்.

நல்ல கேள்வி. கால்பந்தை வருடக்கணக்கில் பார்க்கிறவர்கள்கூட ஆட்டத்தைச் சுற்றியிருக்கும் இந்தச் சின்னச் சின்ன அடையாளங்களைக் கேள்வி கேட்பதில்லை: கோப்பை ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, பந்து என்றாலே ஏன் கறுப்பு வெள்ளை, பிரேசில் ஏன் மஞ்சள், நடுவர் ஏன் பாக்கெட்டில் அட்டை வைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் ஏதோ ஒரு இக்கட்டு இருக்கும். பேச்சு புரியவில்லை, டிவியில் பந்து தெரியவில்லை, தோற்ற துக்கம் ஆறவில்லை, இப்படி. அந்த இக்கட்டைத் தெரிந்துகொண்டால் சின்னம் தானாகவே மனதில் நின்றுவிடும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் அடிப்படை. ஃபிஃபா என்பது உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பு. அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் தொடர்தான் உலகக் கோப்பை. 1930-ல் தொடங்கியது, இரண்டாம் உலகப் போரால் 1942, 1946 இரண்டும் நடக்கவில்லை. 2022 வரை 22 தொடர்கள் முடிந்திருந்தன, அத்தனையையும் சேர்த்து ஜெயித்தவை வெறும் எட்டு நாடுகள்: பிரேசில் 5, ஜெர்மனி 4, இத்தாலி 4, அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 2, உருகுவே 2, இங்கிலாந்து 1, ஸ்பெயின் 1. சட்டையில் சங்கச் சின்னத்துக்கு மேலே தைக்கப்படும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பைக்குக் கணக்கு. 1970-ல் மூன்றாவது முறை ஜெயித்த பிறகு பிரேசில் ஆரம்பித்து வைத்த பழக்கம் இது, பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, உருகுவேக்கு ஏன் நாலு? உலகக் கோப்பை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் ஒலிம்பிக் கால்பந்துதான் உலகத்திலேயே பெரிய போட்டி. 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியது உருகுவே. அந்த இரண்டையும் உலக சாம்பியன் பட்டமாகவே அந்த நாட்டுக்காரர்கள் எண்ணுகிறார்கள். மக்கள்தொகை 35 லட்சத்தைச் சுற்றி இருக்கும் ஒரு நாடு, நம் சென்னையைவிடச் சிறியது, அந்த இரண்டு நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிற்பதில் எனக்கு முழுச் சம்மதம். முதல் உலகக் கோப்பை உருகுவேயில் நடந்ததற்கு அந்தத் தங்கங்களும் ஒரு காரணம், 1930 அந்த நாட்டின் முதல் அரசியல் சட்டத்துக்கு நூறாவது ஆண்டு என்பது இன்னொரு காரணம். இறுதி ஆட்டம் நடந்த மைதானத்தின் பெயரே சென்டெனாரியோ, அதாவது நூற்றாண்டு மைதானம்.

இனி கோப்பை. இங்கேதான் நிறையப் பேர் குழம்புவார்கள், ஏனென்றால் கோப்பை ஒன்று அல்ல, இரண்டு. 1930 முதல் 1970 வரை கொடுக்கப்பட்டது ஒன்று, 1974 முதல் இன்றுவரை கொடுக்கப்படுவது வேறொன்று. முதல் கோப்பையைச் செய்தவர் ஆபெல் லாஃப்லர் என்ற பிரெஞ்சுச் சிற்பி. கிரேக்கர்களின் வெற்றித் தெய்வமான நைக்கி, சிறகோடு நின்று தலைக்கு மேலே எண்கோணக் கிண்ணம் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருப்பாள். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது, அடியில் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் பீடம். எடை நாலு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அப்போதைய ஃபிஃபா தலைவர் ஜூல்ஸ் ரிமே என்ற பிரெஞ்சுக்காரர், இந்தத் தொடரைத் தொடங்கிவைக்க முன்னால் நின்றவர், கோப்பையைத் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு கான்டே வெர்டே என்ற கப்பலில் உருகுவேக்குப் போனார். பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா அணிகளும் அதே கப்பலில்தான். கடல் பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகும் என்பதால் ஐரோப்பிய நாடுகள் பலவும் வரவில்லை, மொத்தமே 13 அணிகள்தான் ஆடின. 1946-ல் கோப்பைக்கு ரிமேயின் பெயரையே வைத்தார்கள்.

இந்தக் கோப்பை பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. 1938-ல் இத்தாலி ஜெயித்து வீட்டுக்கு எடுத்துப்போனது, அடுத்த வருடம் போர் தொடங்கிவிட்டது. ரோமில் ஒரு வங்கியில் இருந்த கோப்பை நாஜிகள் கையில் சிக்கிவிடக்கூடாது என்று இத்தாலியக் கால்பந்துச் சங்கத்தின் ஒட்டோரினோ பராஸி அதை யாருக்கும் தெரியாமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், செருப்பு டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

அடுத்தது 1966. இங்கிலாந்தில் தொடர் நடக்க இன்னும் நாலு மாதம் இருக்கும்போது, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு தபால்தலைக் கண்காட்சியில் கோப்பையை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, கோப்பை காணவில்லை. அதே கூடத்தில் லட்சக்கணக்கான பவுண்டு மதிப்புள்ள தபால்தலைகள் இருந்தன, திருடன் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. 15,000 பவுண்டு கேட்டு மிரட்டல் கடிதம் வந்தது, ஒருவரைப் போலீஸ் பிடித்தது, ஆனால் கோப்பை மட்டும் வரவில்லை. சரியாக ஒரு வாரம் கழித்துத் தெற்கு லண்டனில் ஒருவர் தன் நாயை வெளியே கூட்டிப்போகிறார். பிக்கிள்ஸ் என்று பெயர், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய். பக்கத்தில் நின்ற கார் சக்கரத்தை முகர்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. குனிந்து பார்த்தால் செய்தித்தாளில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பொட்டலம். ஓரத்தைக் கிழித்தால் பீடத்தில் எழுதியிருந்த நாடுகளின் பெயர் தெரிகிறது. எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையம் போனார், முதலில் அவர்மேலேயே சந்தேகப்பட்டார்கள். அந்த வருடம் கோப்பையை இங்கிலாந்தே ஜெயித்தது. பிக்கிள்ஸின் கழுத்துப்பட்டை இன்றும் மான்செஸ்டரில் இருக்கும் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று முறை ஜெயிக்கும் நாடு கோப்பையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது பழைய விதி. 1958, 1962, 1970 என்று மூன்றையும் ஜெயித்த பிரேசில் அதைத் தன் ஊருக்கே எடுத்துப்போய்விட்டது. அதனால் ஃபிஃபாவுக்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டது. ஏழு நாடுகளிலிருந்து வந்த 53 வடிவங்களில் மிலானைச் சேர்ந்த சில்வியோ கட்ஸானிகா என்ற சிற்பி செய்தது தேர்வானது. இப்போது நாம் பார்க்கிற கோப்பை அதுதான்: கீழிருந்து முறுக்கிக்கொண்டு எழும்பும் இரண்டு மனித உருவங்கள், அவர்கள் கையில் பூமி, அடியில் மாலகைட் என்ற பச்சைக்கல் இரண்டு வளையமாக. உயரம் ஒரு அடிக்கும் கொஞ்சம் மேல், எடை 6.175 கிலோ, தங்கம் 18 கேரட். நம் வீட்டு நகை 22 கேரட் என்பதால் இதைக் கேட்டதும் சிலருக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் எடையைச் சவரனில் போட்டுப் பார்த்தால், பச்சைக்கல்லையும் சேர்த்து, 770 சவரனைத் தாண்டுகிறது. முழுக்க முழுக்கத் தங்கம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது நடக்காத காரியம். தங்கம் அவ்வளவு கனமான உலோகம், இந்த அளவில் உள்ளே வெற்றிடம் இல்லாமல் வார்த்திருந்தால் 70 கிலோவுக்கு மேல் போயிருக்கும் என்று பிரிட்டனில் ஒரு வேதியியல் பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒரே கையில் தூக்கி ஆட்டும் கேப்டன்களை நினைத்துப் பாருங்கள்.

ஜெயித்த நாட்டின் பெயரைக் கோப்பையின் அடிப்பாகத்தில் பொறிப்பார்கள், அதனால் நிமிர்த்தி வைத்தால் தெரியாது. இந்தக் கோப்பையை எத்தனை முறை ஜெயித்தாலும் யாரும் வைத்துக்கொள்ள முடியாது, தங்க முலாம் பூசிய வெண்கல நகல் ஒன்றைத்தான் நாட்டுக்குக் கொடுப்பார்கள். அசலைச் சாம்பியன்களும் நாட்டுத் தலைவர்களும் தவிர வேறு யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது என்பது வழக்கம். ஒரு விஷயம் சொல்கிறேன்: 2022 இறுதி ஆட்டம் முடிந்ததும் மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம், இன்ஸ்டாகிராமில் அதுவரை எந்தப் படத்துக்கும் விழாத அளவு லைக் வாங்கியது, அதில் அவர் கையில் இருப்பது அசல் இல்லை. ரசிகர்கள் செய்து எடுத்துவந்த நகல், கையெழுத்து வாங்கக் கொடுத்தது, கை மாறி மாறி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்து பந்து. நானாக இருந்தால் உலகக் கோப்பையை யாருக்காவது அறிமுகப்படுத்த இதிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் இதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கடையில் தொங்கும் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பந்து ஒன்றை எடுத்துத் துண்டுகளை எண்ணுங்கள். கறுப்பெல்லாம் ஐங்கோணம், மொத்தம் 12. வெள்ளையெல்லாம் அறுகோணம், மொத்தம் 20. எந்த மூலையில் விரலை வைத்தாலும் அங்கே இரண்டு வெள்ளையும் ஒரு கறுப்பும்தான் சந்திக்கும், இரண்டு கறுப்பு ஒட்டியிருக்கவே இருக்காது. எண்ணும்போது ஒரு கறுப்பில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். தட்டையான துண்டுகளைத் தைத்துக் காற்றடித்தால் நல்ல உருண்டை வருவதற்கான வழி இது. அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறுக்கும் இதே வடிவம்தான், அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நிறம் ஏன் கறுப்பு வெள்ளை? 1970 மெக்சிகோ உலகக் கோப்பைதான் அடிடாஸ் பந்து செய்துகொடுத்த முதல் தொடர். செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுவதும் நேரடியாக ஆட்டம் போகப்போகிறது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. பழைய பழுப்புத் தோல் பந்து அந்தச் சாம்பல் திரையில் புல்லோடு கலந்து மறைந்துவிடும். வெள்ளைப் பந்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் தெரியும், உருளுவதும் தெரியும். பெயரும் அதற்கேற்ப டெல்ஸ்டார், 1962-ல் ஏவப்பட்ட தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளின் பெயர். உலகக் கோப்பையில் அந்தக் கறுப்புப் புள்ளிப் பந்து 1974-லேயே முடிந்துவிட்டது. ஆனால் இன்றுவரை குழந்தை ஒன்று பந்து வரைந்தால் அதைத்தான் வரைகிறது, உங்கள் ஃபோன் எமோஜியிலும் அதுதான்.

பந்து எவ்வளவு பெரிய சண்டையாக முடியும் என்பதற்கு முதல் இறுதி ஆட்டமே சாட்சி. 1930-ல் உருகுவேயும் அர்ஜென்டினாவும் ஆளுக்கொரு பந்தை எடுத்துவந்து, என் பந்தில்தான் ஆடவேண்டும் என்று நின்றார்கள். பாதிப் பாதி என்று முடிவானது. முதல் பாதியில் அர்ஜென்டினாவின் பந்து, அர்ஜென்டினா 2-1 முன்னிலை. இரண்டாம் பாதியில் உருகுவேயின் பந்து, ஆட்டம் 4-2 என்று உருகுவே பக்கம் முடிந்தது. கடைசிக் கோலைப் போட்ட எக்டர் காஸ்ட்ரோவுக்குச் சிறுவயது விபத்தில் வலது முன்கை போய்விட்டிருந்தது.

பிற்காலத்தில் துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன: 2006-ல் 14, 2010-ல் 8. தென்னாப்பிரிக்காவின் அந்த 2010 பந்துக்கு ஜபுலானி என்று பெயர், ஜூலு மொழியில் மகிழ்ச்சியாக இரு என்று பொருள். கோல்கீப்பர்கள் யாரும் மகிழ்ச்சியாக இல்லை. மடிப்பு குறைந்து வழவழப்பு கூடினால், சுழலாமல் வேகமாகப் போகும் பந்தைச் சுற்றிக் காற்று ஒரே மாதிரி பிரியாது, பந்து நடுவழியில் இப்படியும் அப்படியும் அலையும். கிரிக்கெட்டில் பந்தின் தையலை வைத்து ஸ்விங் செய்கிறார்கள் இல்லையா, அதே காற்றின் வேலைதான், இங்கே அடித்தவர் கட்டுப்பாட்டிலும் அது இல்லை. 2014 பிராசுகாவில் ஆறே துண்டுகள், ஆனால் இணைப்புக் கோடுகளை ஆழமாகவும் நீளமாகவும் வளைத்து, மேற்பரப்பையும் சொரசொரப்பாக்கி அதைச் சரிசெய்தார்கள். பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்த பந்து அது. 2022-ன் அல் ரிஹ்லாவுக்குள் ஒரு சென்சாரே இருந்தது, நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பி, ஆஃப்சைடு, அதாவது தாக்கும் அணி வீரர் விதியை மீறி முன்னால் நிற்கிறாரா என்று பார்க்க உதவியது.

அட்டைகளுக்கு வருவோம். 1966 கால் இறுதி, வெம்ப்லி மைதானம், இங்கிலாந்து எதிர் அர்ஜென்டினா. நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், ஜெர்மானியர். அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை வெளியே போ என்கிறார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, இவருக்கு ஜெர்மன் தெரியாது. ரத்தீன் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நகர மறுக்க, ஆட்டம் பல நிமிடம் நின்றுபோனது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் இருவரையும் நடுவர் எச்சரித்ததாக மறுநாள் பேப்பரில் வந்தது, அது அவர்களுக்கே பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்போது உலகக் கோப்பை நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கென் ஆஸ்டன், தானே ஒரு பழைய நடுவர். இதையே யோசித்துக்கொண்டு லண்டனில் கார் ஓட்டிப்போனவருக்கு முன்னால் சிக்னல் விழுந்தது, மஞ்சள், பிறகு சிவப்பு. மஞ்சள் என்றால் நிதானமாக இரு, சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரனுக்கும் விளக்கம் வேண்டாம். 1970 உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன, அந்தத் தொடரில் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை. முதல் சிவப்பு 1974-ல், சிலியின் கார்லோஸ் காஸெலிக்கு.

இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது மஞ்சள் சட்டைதான். பிரேசில் ஆதியில் ஆடியது வெள்ளைச் சட்டையில், நீலக் காலர் வைத்தது. 1950 ஜூலை 16, ரியோவில் புதிதாகக் கட்டிய மரக்கானா மைதானம், கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர். புள்ளிக் கணக்குப்படி பிரேசிலுக்கு டிரா போதும், கோப்பை கையில். எதிரே உருகுவே. ரிமே பரிசு கொடுக்க வேண்டுமென்று போர்ச்சுகீசிய மொழியில் வாழ்த்துரை தயார் செய்து வைத்திருந்தார். ஸ்கோர் 1-1 இருக்கும்போது மேடையிலிருந்து இறங்கினார், சுரங்கப்பாதை வழியாக நடந்து மைதானத்துக்கு வந்தபோது அத்தனை பெரிய கூட்டத்தில் சத்தமே இல்லை. அந்த இடைவெளியில், 79-வது நிமிடத்தில், உருகுவேயின் கிக்ஜியா கோல் போட்டிருந்தார். ரிமே உரையைப் படிக்காமல், கூட்டத்துக்குள் தேடிப்போய் உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலாவின் கையில் கோப்பையைக் கொடுத்துக் கைகுலுக்கிவிட்டு வந்தார். பிரேசில் கோல்கீப்பர் பார்போசாவை அந்த நாடு அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை, அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அந்த வெள்ளைச் சட்டையே ராசியில்லை என்று ஆகிவிட்டது. 1953-ல் ஒரு ரியோ நாளிதழ் போட்டி வைத்தது: தேசியக் கொடியின் மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை நாலும் வருகிற மாதிரி ஒரு சீருடை வரைந்து அனுப்புங்கள். ஜெயித்தவர் அல்திர் ஷ்லே, பத்தொன்பது வயதுப் பையன். மஞ்சள் சட்டை, பச்சை விளிம்பு, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை. அவர் பிறந்தது ஜகுவாரோ என்ற எல்லை ஊர், ஆற்றைக் கடந்தால் உருகுவே. அவர் மனசு கடைசிவரை உருகுவே அணியோடுதான் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

அதே 1950-ஐப் பற்றி நம் ஊரிலும் ஒரு கதை ஓடும்: இந்தியா தேர்வாகியும், வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று ஃபிஃபா சொன்னதால் போகவில்லை என்று. தேர்வானது உண்மை, அதே பிரிவில் இருந்த மற்ற ஆசிய அணிகள் விலகிக்கொண்டதால் இடம் கிடைத்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடியதும் உண்மை. ஆனால் போகாததற்கு அது காரணமில்லை. நீண்ட கப்பல் பயணம், பயிற்சி போதாமை, அப்போது நம் சங்கத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, இவைதான். யாராவது வெறுங்கால் கதையைச் சொன்னால் திருத்திவிடுங்கள்.

மஸ்காட் என்கிற பொம்மைச் சின்னங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை, பாதிக்கு மேல் பொம்மை விற்கச் செய்தவை. முதலாவது 1966-ன் வில்லி, பிரிட்டன் கொடியைச் சட்டையாகப் போட்ட சிங்கம். 1982-ல் ஸ்பெயினுக்கு ஆரஞ்சுப் பழம், 1986-ல் மெக்சிகோவுக்கு மீசை வைத்த பச்சை மிளகாய், 1998-ல் பிரான்ஸுக்குச் சேவல். 2026-ல் மூன்று நாடுகள் சேர்ந்து நடத்துவதாக ஆனதால் மூன்று: கனடாவுக்கு மேப்பிள் என்ற மூஸ் மான், மெக்சிகோவுக்கு ஸாயு என்ற ஜாகுவார், அமெரிக்காவுக்கு கிளட்ச் என்ற வெண்தலைக் கழுகு. எல்லாவற்றிலும் எனக்கு நியாயமாகப்பட்டது 2014 பிரேசிலின் ஃபுலேகோ. மூன்று வரி ஆர்மடில்லோ என்ற அந்த விலங்கு ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் சுருண்டு முழுப் பந்தாகவே ஆகிவிடும், அது பிரேசிலின் வறண்ட காடுகளில் அழிந்துகொண்டிருக்கும் உயிரினம். கால்பந்துக்கும் சூழலியலுக்கும் போர்ச்சுகீசில் உள்ள சொற்களை ஒட்டவைத்ததுதான் பெயர்.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை, அந்த மாதம் முழுக்க ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கடைசியில் அவள் கேட்டது: "அந்த முதல் கப்பு, நாய் கண்டுபிடிச்சது, இப்ப எங்க இருக்கு?"

ரியோவில் பிரேசில் கால்பந்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி, முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி, பின்பக்கம் வெறும் மரப்பலகை. 1983 டிசம்பர் 19 இரவு திருடர்கள் பின்பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துப்போய்விட்டார்கள். சிலரைப் பிடித்துத் தண்டித்தார்கள், கோப்பை கிடைக்கவே இல்லை. உருக்கிவிட்டார்கள் என்றுதான் பலரும் நம்புகிறார்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். 1954-ல் பெயர் எழுத இடம் போதாமல் பழைய பீடத்தைக் கழற்றிவிட்டு உயரமான புதுப் பீடம் பொருத்தியிருந்தார்கள். கழற்றிய பீடத்தை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அது 2015-ல் சூரிச்சில் ஃபிஃபா கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்து கிடைத்தது: நீலக்கல், எட்டு முகம், ஒன்றில் உருகுவே 1930, ஒன்றில் உருகுவே 1950.